விளக்கம்

அனுப்புநர்: செங்கேணி, க/பெ கலியவரதன்,
பள்ளி மேலாண்மைக் குழுத் துணைத்தலைவர்,
சோனாங்குப்பம், கடலூர் முதுநகர்.
பொருள்: நீங்கள் விளக்கம் கேட்டது.

ஐயா,
மூன்று நாளைக்குள் எழுதித் தரவேண்டுமாம்,
குழுவின் செலவைக் குழுவுக்கு வெளியே
ஏன் பேசினாய் என்று.
இரண்டு நாள் ஐஸ் வரவில்லை, மீனோடு அலைந்தேன்.
இன்று எழுதுகிறேன்.

பேசியது உண்மை.
துறைமுகத்தில், விடிகாலை ஐந்தரைக்கு,
தில்லைநாயகி பக்கத்தில் குந்தி
கெளுத்தி பொறுக்கிக்கொண்டே சொன்னேன்:
பள்ளிக்கூட வாசலுக்கு வளைவு,
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
ஒரு ரூபாய் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கழிப்பறைக்குக் குழாய் ஆறு.
நாலில் உப்புப் பூத்துவிட்டது.
ஒன்று திருகினால் கையோடு வருகிறது.
மிச்சமிருக்கும் ஒன்றுக்கு
மணி அடிக்கும் முன்பே பெண்பிள்ளைகள் வரிசை.
இதையும் சொன்னேன்.

மூன்று கடை விலைப்பட்டியல் வைத்தீர்கள்.
மூன்றிலும் ஆயிரத்தின் ஆவன்னாவுக்கு
ஒரே சுழி.
திருட்டென்று நான் சொல்லவில்லை.
சுழி என்றுதான் சொன்னேன்.
எட்டாவதோடு நின்றவள்,
எழுத்தை எழுத்தாகத்தான் பார்க்கத் தெரியும்.

கை தூக்கச் சொன்னீர்கள்.
வளைவுக்குப் பதினாறு.
வேண்டாமென்று என்னோடு இன்னொன்று.
மூன்றாவது கை பாதியில் இறங்கியது.
பேர் எழுதமாட்டேன்.
வளைவில் யார் பேர் வரப்போகிறதோ
அவருடைய விசைப்படகில்தான்
அவள் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகிறார்.

தோற்றேன். வளைவு எழும்பட்டும்.
செங்கல் வந்த அன்று நான் மறிக்கவில்லை.
லாரி பின்வாங்கக் கைகூடக் காட்டினேன்,
பின்னால் வாய்க்கால் இருந்தது.
தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவள்தான்.
வாயையும் சேர்த்துக் கட்டித் தருவதாக
எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
காட்டுங்கள்.

குழு என்றால் ஒரே குரல் என்றீர்கள்.
ஒரே குரல் போதுமென்றால்
இருபது பேர் எதற்கு?
ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைக்குமே.

துண்டைப் போட்டு மூடி விரல் பிடிப்பது
மாட்டுச் சந்தையில்.
எங்கள் துறையில் விலையைக் கூவுவார்கள்.
வாங்காதவள் காதிலும் விழும்.
வஞ்சிரத்துக்குள்ள மரியாதை
பிள்ளைகள் பணத்துக்கு வேண்டாமா?

கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து
என் மகனைக் கடைசிப் பெஞ்சுக்கு மாற்றியிருக்கிறார்கள்.
உயரம் காரணமாம்.
ஆறாம் வகுப்பிலேயே அவன்தான் குள்ளம்.
இதற்கு நான் விளக்கம் கேட்கவில்லை.

எனக்கு விழுந்த ஓட்டு ஐம்பத்து மூன்று.
பிஸ்கட் டப்பாவில் மடித்துப் போட்டார்கள்.
பேசாமல் இரு என்று
ஒரு சீட்டிலும் எழுதியிருக்கவில்லை.
ஒருத்தி மட்டும் என் பேருக்குப் பக்கத்தில்
கோணலாக எழுதியிருந்தாள்:
கொழா.
அந்தச் சீட்டைச் செல்லாது என்று ஒதுக்கினீர்கள்.
ஐம்பத்து மூன்றில் அது சேராது.
நான் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.
அதற்கு அடுத்த நாள் துறைமுகத்திலும் சொல்வேன்.
இப்படிக்கு.

*

நகலில் முத்திரை கேட்டேன்.
மைப்பெட்டி காய்ந்துவிட்டது அக்கா என்றான்
அலுவலகத்தில் இருந்த தம்பி.
தூக்கிக்கொண்டு முற்றத்துக் குழாய்க்குப் போனான்.
திருகினான்.
திருகினான்.
திரும்பி வந்து நின்றான்.

பையிலிருந்த பாட்டிலை நீட்டினேன்.
ஒரு மூடி போதும் என்றான்.

நீலம் வெளுப்பாகத்தான் விழுந்தது.
தேதி படிக்க முடிகிறது.